குப்பை ஆகும் முன்னே: குமரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களில் தொழில் நடத்துகிறவர்களும் உண்டு, வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் கேட்டது "கழிவை என்ன செய்வது?" என்றுதான். அதற்கு முன்னால் அந்தக் கழிவு எங்கே உண்டாகிறது, எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே எங்கள் வழக்கம்.

கேள்வி (மார்த்தாண்டம்): நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறோம். 30 லிட்டர் சட்டி, நாளுக்கு 60 கிலோ சிப்ஸ். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் கறுத்து நுரைக்கிறது. தினமும் பத்து லிட்டராவது எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதை டின் கணக்கில் வாங்க ஆட்கள் வருகிறார்கள். கொடுக்கலாமா? காய்த்தோலையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: முதலில் ஒரு கணக்கு. சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். 60 கிலோ சிப்ஸ் சட்டியை விட்டுப் போகும்போது 20 கிலோ, அதாவது சுமார் 22 லிட்டர் எண்ணெயைக் கூடவே எடுத்துப் போகிறது. அந்த இடத்தில் நீங்கள் புது எண்ணெய் ஊற்றுகிறீர்கள். 30 லிட்டர் சட்டியில் தினமும் 22 லிட்டர் புதிதாகச் சேர்ந்தால் எண்ணெய் நல்ல நிலையிலேயே நிற்க வேண்டும். அப்படியும் பத்து லிட்டர் கெடுகிறதென்றால் சட்டியைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு.

எண்ணெயைக் கெடுப்பவை நான்கு: அதிகச் சூடு, தண்ணீர், அடியில் கருகும் துகள், காற்று. செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் தாண்டியதுமே புகையத் தொடங்கும். காயைப் போட்டதும் சூடு சட்டென்று இறங்கும். மாஸ்டர் தீயைக் கூட்டுவார், பொரிந்து முடியும் நேரத்தில் குறைக்க மறந்துவிடுவார். கெடுதல் நடப்பது அந்த இடைவெளியில்தான். சட்டி ஓரத்தில் ஒரு உலோகத் தண்டு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். 165 முதல் 175 வரை இருந்தால் போதும். ஒரு பங்கு காய்க்கு ஆறு பங்கு எண்ணெய்க்குக் குறையாமல் இருந்தால் சூடு இவ்வளவு ஏறி இறங்காது.

அடுத்தது உப்புத் தண்ணீர். மஞ்சளும் உப்பும் கரைத்துக் கொதிக்கும் எண்ணெயில் தெளிப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்தத் தண்ணீர் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும். நுரைக்கும் காறல் வாசனைக்கும் முக்கியக் காரணம் அதுதான். உப்பை முழுக்க விடச் சொல்லவில்லை, தண்ணீரைக் குறையுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 35 கிராம் உப்பு வரை கரையும். பலரும் அதில் பாதி கூடப் போடாமல் நீர்த்த கரைசலை இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள். இன்னும் நல்லது, மாவாக அரைத்த உப்பைச் சிப்ஸ் சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்கிவிடுவது. சீவிய காயை மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கறை எடுக்கிறவர்கள், பொரிக்கும் முன் துணியில் பரப்பி ஈரம் வடியவிட வேண்டும்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் அரிகரண்டியால் துகளை வாருங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய் 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிவையுங்கள். ராத்திரி முழுக்க உருளியிலேயே விட்டுவைப்பதுதான் பல கடைகளில் நடக்கிறது. ஓட்டுருளி என்பது வெண்கலம், அதில் செம்பு இருக்கிறது. எண்ணெயைக் காறச் செய்வதில் செம்பை மிஞ்சிய உலோகம் இல்லை, அடுத்தது இரும்பு. ஓணச் சீசன் முடிந்து உற்பத்தி பாதியானதும் சட்டியையும் சின்னதாக்க வேண்டும். 30 கிலோ சிப்ஸுக்கு அதே 30 லிட்டர் சட்டியை ஏற்றினால் புது எண்ணெய் சேரும் வேகம் பாதியாகிவிடும், எண்ணெய்க்கு வயதாகும்.

டின் வாங்க வருகிறவர் விஷயம். பொரிக்கும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பொரிக்க நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் பதிவேடு வைத்து, ஆணையம் அங்கீகரித்த சேகரிப்பாளரிடமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். உங்கள் செலவு 50க்குக் கீழே. ஆனாலும் அங்கீகாரச் சான்றும் ரசீதும் கொடுக்காத ஆளிடம் விற்காதீர்கள். பயோடீசலுக்கு வாங்குகிறவரை விடக் கூடுதல் விலை சொல்கிறார் என்றால், அது திரும்பவும் ஏதோ ஒரு தட்டுக்கடைச் சட்டிக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. குழாய்க்குள் சோப்புக்கட்டி மாதிரி உறைந்து அடைக்கும்.

தோல், காயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். அதைக் குப்பைக் கணக்கில் சேர்ப்பதே தப்பு. பொடியாக அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்ட மோர்த் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கறையைப் பிழிந்துவிட்டால் வன்பயறோடு தோரன் வைக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கடைக்காரர்கள்தான் செய்வதில்லை. காலையில் அரிந்த தோலைக் கிலோ கணக்கில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக் காயா என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்குக் கொடுப்பதானால் நறுக்கி வைக்கோலோடு கொஞ்சமாக. மொத்தக் கூடையையும் கொட்டினால் வயிறு கழியும்.

பொட்டலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறோம். சிப்ஸைக் காகிதப் பையில் விற்று "பசுமை" என்று எழுதுவது ஏமாற்று. இரண்டு நாளில் நமுத்துப்போய் சிப்ஸே குப்பையாகும். உள்ளே அலுமினியம் பூசிய பல அடுக்கு உறையைப் பழைய பொருள் கடைக்காரர் தொடமாட்டார். ஒரே வகை பிளாஸ்டிக்கால் ஆன உறையைக் கேட்டு வாங்குங்கள். டப்பா கொண்டுவரும் உள்ளூர்க்காரர்களுக்கு உறையின் விலையைக் கழித்துக் கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பிளாஸ்டிக் பை தடை வந்தபின் கடைகளில் துணி மாதிரி ஒரு பை தருகிறார்கள். சிலர் "மக்கும் பை" என்கிறார்கள். எது உண்மையில் நல்லது? வீட்டில் மஞ்சப்பையே முப்பது சேர்ந்துவிட்டது.

பதில்: துணி மாதிரி இருக்கும் பை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். நூல் நெய்யாமல் சூட்டில் அழுத்திச் செய்தது, பிளாஸ்டிக்தான். ஒரு ஓரத்தை நறுக்கித் தீயில் காட்டுங்கள். உருகிச் சொட்டி உருண்டையானால் பிளாஸ்டிக். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு வந்த தடையில் இந்தப் பையும் சேர்ந்ததே.

மக்கும் பை என்றால் ஐ.எஸ். 17088 என்ற தரக் குறிப்பும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். இருந்தாலும் அது மக்குவது பெரிய உரக்கூடத்தின் சூட்டில். வீட்டுத் தொட்டியில் புதைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மஞ்சப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்திக்குத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் செலவு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 131 தடவையாவது பயன்பட வேண்டும். முப்பது பையை அலமாரியில் அடுக்கிவைத்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை. மூன்று பையை வைத்துக்கொண்டு மீதியைக் காய்கறிக் கடையில் கொடுங்கள், மறந்து வருகிறவர்களுக்கு உதவும். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தாம்பூலப் பையில் மாப்பிள்ளை பெண் பேரைக் கொட்டை எழுத்தில் அடித்தால் அதை யாரும் சந்தைக்குத் தூக்கிப் போவதில்லை. பேரை உள்பக்கம் அடியுங்கள், கைப்பிடியை இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் கிழிவது அங்கேதான்.

கேள்வி (ஈத்தாமொழி): கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) தும்பு (நார்) எடுக்கும் சிறிய ஆலை. நார்க்கழிவு மலையாகக் குவிந்துவிட்டது. மழையில் அதிலிருந்து வடியும் காப்பி நிறத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் இறங்குகிறது என்று புகார்.

பதில்: புகார் நியாயமானது. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ கழிவு வரும். காப்பி நிறம் அதிலுள்ள டானின் முதலானவற்றால் வருவது. உடனே செய்ய வேண்டியது மழை படாமல் மூடுவதும், சிமென்ட் தளத்தில் சரிவு வைத்து வடிநீரைத் தொட்டியில் பிடிப்பதும். அந்தத் தண்ணீரைக் குவியலை நனைக்கவே திரும்பப் பயன்படுத்தலாம்.

பிறகு உரமாக்குங்கள். பச்சைக் கழிவை அப்படியே தென்னந்தோப்பில் போடக் கூடாது. அதில் கரிமம், தழைச்சத்து விகிதம் 112க்கு 1. மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து ஒன்றரைக் கிலோ. நிழலில் 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் 100 கிலோ கழிவைப் பரப்பி 300 கிராம் வித்தைத் தூவுங்கள். அதன் மேல் இன்னொரு 100 கிலோ, அதில் ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் சில சொட்டு வரும் அளவுக்கு ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் கறுத்து, உயரம் குறைந்து, மண்வாசனை வரும். விகிதம் 24க்கு 1 ஆக இறங்கியிருக்கும்.

தவறுவது எங்கே என்றால் ஈரத்தில். மேலே நனைந்திருக்கும், உள்ளே தூளாகக் காய்ந்திருக்கும். நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது. அதனால் அடுக்கும்போதே ஒவ்வொரு அடுக்கையும் நனைக்க வேண்டும். காய்ந்த குவியலில் பீடித் துண்டு விழுந்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். காயலில், உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பையின் கழிவு என்றால் நல்ல தண்ணீரில் அலசி உப்பைக் குறைக்காமல் நர்சரிக்கு விற்காதீர்கள், நாற்று கருகும்.

கேள்வி (தக்கலை): மீன் வாங்கும்போது கடலுக்குக் கெடுதல் செய்யாமல் வாங்குவது எப்படி? தடைக்காலத்திலும் சந்தையில் மீன் வருகிறதே?

பதில்: நம் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம், இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை இல்லை, அதனால் அவர்கள் கொண்டுவரும் மீனைத் தயங்காமல் வாங்கலாம்.

வாங்குகிறவர் கையில் இருக்கும் பெரிய அதிகாரம் மீனின் நீளம். பொடிச் சாளை (மத்தி), பொடி அயிலை (கானாங்கெளுத்தி) மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், முட்டையிடும் பருவம் வராத குஞ்சுகளைப் பிடிக்கும் சிறு கண்ணி வலைக்குச் சந்தை உண்டாக்குகிறோம். பக்கத்துக் கேரளத்தில் சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். அதை நாமும் வைத்துக்கொள்ளலாம். சாளை உங்கள் நடுவிரலை விடக் கொஞ்சமாவது நீளமாக இருக்கட்டும். நெத்தோலி வேறு, அது வளர்ந்தாலே சிறிசுதான்.

மீன் விற்கிறவர்களுக்கு: கெட்டுப்போய்க் கொட்டும் மீன்தான் மிகப்பெரிய வீண். வெயில் காலத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அதுவும் உடைத்துத் தூளாக்கி, அடியில் ஒரு அடுக்கு, மீனுக்கு நடுவே, மேலே ஒரு அடுக்கு. பெரிய கட்டியை மேலே வைத்தால் அடிமீன் சூட்டில் கிடக்கும். உருகிய தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். தெர்மாகோல் பெட்டி சில மாதத்தில் பொடியாக உதிர்ந்து கடலிலேயே சேரும், இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் பெட்டி விலை கூடினாலும் பல வருஷம் உழைக்கும். செதில், குடல் எல்லாம் சம எடை நாட்டு வெல்லத்தோடு மூடிவைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கலந்து தெளித்தால் செடிக்கு நல்லது. பல்லி, எலி புகாத மூடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வாயு வெளியேற மூடியைத் தளர்வாக வையுங்கள்.

கேள்வி (கன்னியாகுமரி): 30 அறை விடுதி. தண்ணீர் பாட்டில், லாரித் தண்ணீர், கீசர் கரண்ட் மூன்றும் இடிக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: கழிப்பறைத் தொட்டியிலிருந்து. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்துவிட்டு இருபது நிமிஷம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் தெரிந்தால் வாஷர் கசிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயே நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றை அதிகம் உறிஞ்சினால் உப்பு ஏறும், பிறகு லாரிதான் கதி. ஆகவே கசிவை அடைப்பது கடைசி வேலை அல்ல.

பாட்டில்: அறைக்கு நாளுக்கு இரண்டு வீதம் 30 அறைக்கு மாதம் 1,800 வரை ஆகும், பாதி அறை நிரம்பினாலும் 900. கண்ணாடிப் பாட்டிலில் நீங்களே நிரப்பலாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்றால் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் பெரும்பாலும் போதும், ஆர்.ஓ. தேவையில்லை. ஆர்.ஓ. போட்டால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு நீர் வரும். அதைச் செடிக்கு விடாமல் தரை துடைக்கவும் கழிப்பறைத் தொட்டிக்கும் திருப்புங்கள்.

வெந்நீர்: 100 லிட்டரை 30 டிகிரி உயர்த்த 3.5 யூனிட் ஆகிறது. மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால் அதை வெயிலே செய்யும். ஆனால் உப்புத் தண்ணீரை நேரடியாகக் குழாய்க்குள் விடும் மாதிரி சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து அடைக்கும், வெப்பப் பரிமாற்றி உள்ள மாதிரியைக் கேளுங்கள். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. மாடியிலிருந்து அறைவரை 20 மீட்டர் அரை அங்குலக் குழாய் இருந்தால், வெந்நீர் வருவதற்குமுன் விருந்தினர் ஒவ்வொருவரும் இரண்டரை, மூன்றரை லிட்டர் ஆறிய தண்ணீரைக் கீழே விடுகிறார். குழாய்க்கு உறை போடுங்கள், தொட்டியைக் குளியலறைகளுக்கு நேர் மேலே வையுங்கள்.

கேள்வி (குழித்துறை): பழைய ஃபேனை மாற்றி, குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் வாங்கலாமா?

பதில்: தினம் 15 மணிநேரம் ஓடும் ஃபேன் என்றால் மாற்றுங்கள். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட், இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேனை மாற்றினால் அதைச் செய்ய ஆன இரும்பும் செம்பும்தான் வீண். மெதுவாகச் சுற்றுகிறதென்றால் முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் நோய்.

கேள்வி (அருமனை): ஒரு ஏக்கர் ரப்பர். ஷீட் அடித்து நாங்களே புகை போடுகிறோம். விறகு நிறைய ஆகிறது, புகை போடும் புரையைச் சுற்றிப் புளித்த நாற்றம். பாலை உறையவைக்கச் சல்ஃப்யூரிக் ஆசிட் மலிவு என்று சொல்கிறார்களே, மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். சல்ஃப்யூரிக் ஆசிட் ஷீட்டில் தங்கும், உலர்வதைத் தாமதமாக்கும், ரப்பரை வேகமாக முதுமையாக்கும், உருளையை அரிக்கும், கழிவு நீரிலும் நின்று கெடுதல் செய்யும். ஃபார்மிக் ஆசிட்தான் சரி. அதையும் நீர்க்கச் செய்து, பாலுக்கு வேண்டிய அளவு மட்டும். கூடப் போட்டால் ஷீட் கடினமாகும், காசும் போகும்.

விறகுச் செலவைத் தீர்மானிப்பது அடுப்பை விட ஷீட்டின் கனம். பாலை உலர் ரப்பர் 12.5 சதவீதத்துக்கு வரும்படி நீர் சேர்த்து, நான்கு லிட்டருக்கு அரைக் கிலோ ஷீட்டாக வார்த்து, உருளையில் 3 மி.மீ. கனத்துக்கு அழுத்துங்கள். கனமான ஷீட் நடுவில் வெள்ளையாக நிற்கும், அதைக் காயவைக்க இன்னும் இரண்டு நாள் விறகு வைப்பீர்கள். உருட்டியதும் கழுவி, நிழலில் சில மணிநேரம் நீர் சொட்ட விட்ட பிறகே புரையில் ஏற்றுங்கள். ஈரத்தோடு ஏற்றினால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே முதல் நாள் விறகு போய்விடும். வெப்பம் முதல் நாள் 40 டிகிரி, பிறகு மெல்ல 60க்குள். தாண்டினால் ஷீட்டில் குமிழ் எழும்பும். கூரையிடுக்கில் புகை வெளியேற வழி அளவாக இருக்க வேண்டும். முழுக்க மூடினால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும், அகலமாகத் திறந்தால் சூடு போய்விடும்.

நாற்றம், பால் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீரிலுள்ள புரதமும் சர்க்கரையும் அழுகுவதால் வருவது. அந்தத் தெளிநீரைச் சாணத்தோடு சேர்த்துச் சாண எரிவாயுக் கலனில் விடலாம். ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதற்கான முறையை வகுத்திருக்கிறது, ரப்பர் வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கலனை முதலில் சாணத்தில் ஓடவிட்டு, தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் நாளே முழுக்க ஊற்றினால் புளிப்பு ஏறி வாயு நின்றுவிடும்.

மழைக்காலம் முடிந்ததும் மரத்தில் கட்டிய மழைக்காப்பு பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தோட்டத்திலேயே போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தார் ஒட்டிய விளிம்பை வெட்டிவிட்டு மீதியைச் சுத்தமாகச் சுருட்டினால் பழைய பொருள் கடைக்காரர் எடுப்பார்.

தோட்டத்தின் பட்டா நகலையும் அமைவிடக் குறிப்பையும் எடுத்துவையுங்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரைத் தன் சந்தைக்குள் விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்திருக்கிறது. தோட்டம் இருக்கும் இடத்தைக் காட்ட ஏற்றுமதியாளர் கேட்கும் ஆயத்தொலை எண்கள் வியாபாரி வழியாக ஒரு ஏக்கர்க்காரர் வரைக்கும் இறங்கி வரும்.